கீலில் பூசிய சந்தனம்

ரயிலில் எதிர் இருக்கையில் யாராவது மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தால், கொஞ்ச நேரத்தில் அதன் வயிற்றிலிருந்து ஒரு மூச்சு கிளம்பும். முதலில் பெருமூச்சு மாதிரி. பிறகு இரைப்பு. பிறகு மழைக்கு முந்தைய தென்னங்கீற்றுகளின் ஓயாத சரசரப்பு. உள்ளே ஒரு குட்டி விசிறி சூட்டைத் துரத்திக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அது காதில்கூட விழாது. எனக்கு முகம் சுட்டுவிடும். எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்துகொள்வேன்.

அந்தச் சத்தம் வர வேண்டும் என்று நான் ஒருமுறை காத்திருந்தேன். என் சிநேகிதியின் மடிக்கணினியிலிருந்து.

நாங்கள் இருவரும் திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழ்ப் பெண்கள். அவள் வீடு கோட்டைக்குள், அக்ரஹாரத்தில். என் அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கிற கடை. கல்லூரியில் ஒரே பெஞ்ச். பிறகு ஒரே தொழில்: மலையாளத் தொடர்களில் வரும் பேச்சைத் திரைக்கு அடியில் ஓடும் தமிழ் வரிகளாக எழுதுவது. சென்னையிலிருந்து ஒரு நிறுவனம் தொடரை அனுப்பும். அவள் வீட்டு மாடியில் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் பாதி அவள், மறுபாதி நான். முடிந்ததும் மாற்றிக்கொண்டு ஒருத்தி எழுதியதை மற்றவள் திருத்துவோம். அவள் வரிகளில் திருத்த ஒன்றும் இருக்காது. ஒரு காற்புள்ளியையாவது நகர்த்திவிட்டுத்தான் நான் திருப்பிக் கொடுப்பேன்.

அவளுக்கு வியர்க்காது. இதை ஒரு குற்றமாக எப்படிச் சொல்வது? புழுக்கத்தில் ஊரே பிழியாத துணியாகக் கிடக்கும் மாதங்களிலும் அவள் சற்றுமுன் குளித்தவள் மாதிரி இருப்பாள். அவளுடைய மடிக்கணினியும் அப்படியே. ஒரு கிலோகூட இல்லை. இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு மாடி ஏறிவிடுவாள். மூன்று மணி நேரம் ஓடிய பிறகு அடியில் தொட்டுப் பார்த்தால் தண்ணீர்ப் பானையைத் தொட்டது போலிருக்கும். அவள் காப்பி எடுக்கக் கீழே போகும்போதெல்லாம் நான் தொட்டுப் பார்ப்பேன். என்னுடையது அகலமாய், கறுப்பாய், தோளை ஒரு பக்கமாய் இழுக்கிற பழைய பாரம். மடியில் வைத்தால் தொடையில் சிவப்பாய் ஒரு சதுரம் விழும். அதற்குக் கீழே சப்பாத்திப் பலகையைச் செருகி, மேசை விசிறியை என் பக்கமிருந்து அதன் பக்கம் திருப்பி, அது குளிர நான் வெந்துகொண்டிருப்பேன். இரைச்சல் தொடங்கியதும் அவள் தலையை நிமிர்த்தாமலே, "எஞ்சின் கிளம்பியாச்சு, பத்திரமா போயிட்டு வா" என்பாள். நானும் சிரிப்பேன். சிரித்தபடியே அவள் விசைப்பலகையில் ஓடுகிற, ஈரமில்லாத விரல்களைப் பார்ப்பேன்.

அந்த வருடம் நவராத்திரிக்கு முன்னால், கொச்சியிலிருந்து ஆவணப்படம் எடுக்கிற ஒருவர் எங்களைத் தேடி வந்தார். பொன்முடித் தேயிலைத் தோட்டங்களில் ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்த பெண்களின் பேச்சைப் பதிவு செய்யப் போகிறார். அவர்களுடைய தமிழ் அவருக்கோ அவருடைய ஆட்களுக்கோ பிடிபடவில்லை. பேசப் பேசப் பக்கத்திலேயே உட்கார்ந்து தட்டச்சு செய்ய ஓர் ஆள் வேண்டும். பத்து நாள். ஜீப்பில் ஓர் இடம்தான். தொழிலாளர்கள் வரிசையாய்க் குடியிருக்கிற லயங்களுக்கு நடந்து ஏற வேண்டும், மின்சாரத்தை நம்ப முடியாது, ஒலிவாங்கி ஒரு முழத் தூரத்தில் இருக்கும். ஆகவே கையில் கொண்டுவரும் மடிக்கணினி கனக்கக்கூடாது, அரை நாளாவது தாங்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சத்தம் போடக்கூடாது. விஜயதசமி மத்தியானம் வந்து இருவரையும் தட்டச்சு செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு, யாரென்று முடிவு சொல்வதாகக் கூறினார்.

அந்த ஓர் இடம் எனக்கு வேண்டும். எத்தனையோ வருடங்களாக நடிகர்கள் வாயிலிருந்து வந்த பேச்சையே பெயர்த்துப் பெயர்த்து, என் சொந்த எழுத்து நின்று போயிருந்தது. யாரும் எழுதிக் கொடுக்காத ஒரு வாக்கியம் ஒரு வாயிலிருந்து புறப்படும் இடத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் போய் உட்கார்ந்தால் எனக்கு வலிக்கும். அவ்வளவு எளிமையாகத்தான் இருந்தது அது.

புது மடிக்கணினி வாங்க என்னை அழைத்துக்கொண்டு போனதும் அவள்தான். போட்டிக்கு நிற்கிறவளுக்கு ஆயுதம் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறோமே என்ற எண்ணம் அவளுக்குக் கொஞ்சமும் இல்லை. கடையில் நீல விளக்கு மினுங்க வரிசையாய் நின்ற அத்தனையையும் அவள் அந்த விளக்கையெல்லாம் அணைத்துவிட்டவள் போலப் பார்த்தாள். விற்பனையாளர் திரையைக் காட்டினால் அவள் கவிழ்த்துப் போட்டு அடியைப் பார்த்தாள். சூடு வெளியேறும் வாய் அடியில் இருக்கிறதா, பின்னால் கீலை ஒட்டி இருக்கிறதா? அடியில் இருந்தால் மடியில் வைத்ததும் புடவை அடைத்துவிடும், கீலோரம் என்றால் பரவாயில்லை என்றாள். ஒரு நீளமான வீடியோவை ஓடவிடச் சொல்லிவிட்டு, அரை மணி நேரம் அங்கேயே நின்று, உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு காதை வைத்தாள். விற்பனையாளர் மற்ற வாடிக்கையாளர்களைப் பார்த்து அசட்டுத்தனமாய்ச் சிரித்தார்.

"எழுதி ஒட்டியிருக்கற எடையை நம்பாதே" என்றாள் என்னிடம். "சார்ஜரையும் சேத்துத் தூக்கிப் பாரு. மலையில அதையும் நீதானே சுமக்கணும்?"

விற்பனையாளர் விசிறி வைத்த கூலிங் பேட் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். நான்கு விசிறி, சுற்றிலும் விளக்கு. அவள் அதை ஓடவிட்டுக் கேட்டாள். "சூட்டை ஆத்தறேன்னு இது தனியாக் கத்தறதே. ஒண்ணு கத்தறது போறாதுன்னு துணைக்கு வேறயா?" கடைசியில் மடித்தால் ஒரு ஸ்கேல் அளவுக்குச் சுருங்குகிற அலுமினியத் தாங்கி ஒன்றை எடுத்தாள். இரண்டு விரல் உயர்த்தி வைத்தால் அதுவே மூச்சு விட்டுக்கொள்ளும், வேறொன்றும் வேண்டாம் என்றாள். நான் வாங்கியது அவளுடையதைவிடக் கொஞ்சம் கனம். காதை வைத்தால் மெல்லிய ஒரு மூச்சு இருந்தது. ஆனால் நல்லது.

"கொள்ளாம்டி" என்றாள், நன்றாயிருக்கிறது என்பதை மலையாளத்தில். "இது போறும் உனக்கு."

அவள் மனதில் ஒன்றுமில்லாமல் சொன்ன சொல். உனக்கு. கிழக்கேகோட்டை வரைக்கும் பேருந்தில் அந்த ஒரு சொல் செருப்புக்குள் புகுந்த கல்லாய் என்னோடு வந்தது.

அஷ்டமி சாயங்காலம் அவள் வீட்டில் பூஜை வைப்பு. புத்தகம், பேனா, எங்கள் இருவருடைய மடிக்கணினிகள், எல்லாவற்றையும் சுவாமி முன்னால் பலகையில் அடுக்குவார்கள். அடுக்கிவிட்டால் தசமி காலையில் எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது, ஓர் எழுத்து படிக்கவோ எழுதவோ கூடாது. சென்னை நிறுவனத்துக்கு ஒவ்வொரு வருடமும் முன்கூட்டியே எழுதிப் போட்டுவிடுவோம். எங்கள் ஊரில் அந்த நாட்களில் மின்சாரமே கிடையாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

அவள் அடுக்களையில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். சந்தனம் வைக்கும் வேலையை, வழக்கம்போல, எனக்குத் தந்திருந்தாள். மூடியின் மேல் ஒரு பொட்டு, அதன் நடுவில் குங்குமம், அவ்வளவுதான். என்னுடையதற்கு அப்படியே வைத்தேன். அவளுடையதை எடுத்தபோது அது என் கையில் கனக்கவே இல்லை. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கனத்திருந்தால் கீழே வைத்திருப்பேன். கீல் விற்றவரின் மகளுக்குக் கீலில் எங்கே இடுக்கு என்று தெரியும். சூடு வெளியேறுகிற மெல்லிய பிளவுகள் அங்கே சீப்பின் பற்கள் மாதிரி வரிசையாய் இருந்தன. சந்தனக் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டேன். மூன்று விரலால், ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும், நிதானமாய், உள்ளே இறங்கும்படி அப்பினேன். அதன்மேல் ஒரு முழம் முல்லை.

அவளுடைய கணவர் தீபாராதனைக்கு வந்து நின்று பார்த்தார். "கேட்டியோ, பக்தின்னா இதான்" என்று அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தார். "நீ ஒரு பொட்டு வெச்சுட்டுப் போயிடுவே. உன் சிநேகிதி பாரு, அபிஷேகமே பண்ணியிருக்கா."

வீட்டுக்கு வந்தேன். ஒரு முழுப் பகலும் இரண்டு இரவுகளும் எனக்கு வேலை இல்லை. படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. நினைக்கக்கூடாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. சந்தனம் இப்போது ஓரம் வெளுத்திருக்கும், இப்போது இறுகியிருக்கும், இப்போது வெடிப்பு விட்டிருக்கும் என்று துணி மடித்துக்கொண்டே, அரிசி களைந்துகொண்டே நினைத்தேன். நவமி சாயங்காலம் தாங்க முடியாமல் ஏதோ ஒரு சாக்கில் அவள் வீட்டுக்குப் போனேன். ஒரு ஈரத்துணி, ஒரு குண்டூசி போதும். ஆனால் விளக்குக்கு முன்னால் அவள் வீட்டார் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பூஜையில் வைத்ததைத் தொட நான் யார்? இப்படி ஒரு தடை இருந்ததில் எனக்கு உள்ளூர நிம்மதி. சுண்டலைத் தின்றுவிட்டுத் திரும்பினேன்.

தசமி காலையில் எல்லோரும் தாம்பாளத்து அரிசியில் விரலால் எழுதினோம். அவள் தன் மடிக்கணினியை எடுத்து, பூவை ஒதுக்கி, ஈரத்துணியால் துடைத்தாள். மேலே பளபளவென்று ஆகிவிட்டது. உள்ளே இறங்கியது இறங்கியதுதான்.

மத்தியானம் படக்காரர் வந்தார். ஒரு தோட்டத்துப் பெண் பேசிய பதிவை ஓடவிட்டு, எங்கள் பக்கத்தில் ஒலிவாங்கியை வைத்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டார். முதலில் நான். அரை மணி நேரம். என் புதியது லேசாக மூச்சு விட்டது. கேட்கிறது, ஆனால் சமாளிக்கலாம் என்று தலையசைத்தார். பிறகு அவள். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. நான் அவளுடைய விரல்களைப் பார்க்காமல் கீலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வந்தது. பெருமூச்சு. இரைப்பு. அவள் தட்டச்சை நிறுத்திவிட்டுக் கணினியைத் தூக்கி அடியைத் தொட்டாள், கையைச் சட்டென்று எடுத்தாள். "இது இப்படிக் கத்தினதே இல்லையே" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். சந்தனம் காய்கிற வாசனை மெலிதாய் அறையில் இருந்தது. அவள் தட்டச்சு செய்திருந்த பத்து நிமிடப் பேச்சை நான் எட்டிப் பார்த்தேன். என்னுடைய அரை மணி நேரத்தைவிட அது நன்றாக இருந்தது.

படக்காரர் மிகவும் வருத்தப்பட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, என்னைத் தேர்ந்தெடுத்தார்.

ஒரு வாரம் கழித்துக் காலையில், தம்பானூர் நிலையத்தில் வித்துரா பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். மலையடிவாரத்தில், வித்துராவில், ஜீப் காத்திருக்கும். நான் சொல்லாமலே அவள் வழியனுப்ப வந்திருந்தாள். வெளியே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பழுது பார்க்கிற கடையில் நடந்ததைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். பிரித்துப் பார்த்தால் உள்ளே அரை ஸ்பூன் சந்தனம் இருந்ததாம். கடைக்காரர் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்து, காகிதத்தில் பொதிந்து பிரசாதம் மாதிரி கையில் கொடுத்தாராம். தப்பு அவளுடையதுதானாம், சரியாகத் துடைக்கவில்லையாம்.

"சாரமில்லைடி, போனா போறது" என்றாள். "சரஸ்வதியே நீதான் போகணும்னு நெனச்சிருக்கா. பின்னே நாம என்ன பண்ண முடியும்?"

நான் பேசாமல் இருந்திருக்கலாம். எல்லாவற்றையும் அவளே தீர்த்து வைத்துவிட்டாள். ஆனால் சந்தேகப்படத் தெரியாத அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு மறுபடியும் எரிந்தது. அந்த மடிக்கணினியைவிட, அந்த வரிகளைவிட, அதுதான் எனக்கு ஒருநாளும் கிடைக்காதது. அதை அவள் வைத்துக்கொண்டிருக்கக்கூடாது என்று தோன்றியது. மனசாட்சி உறுத்தியதால் சொன்னேன் என்று பிறகு பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். இல்லை.

"வேணும்னேதான் அப்பினேன்" என்றேன். "அந்த ஓட்டையெல்லாம் அடையணும்னு பாத்துப் பாத்து."

அவள் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது, அதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போல. நடத்துநர் மணியடித்தார். எனக்குப் பதற்றமாகிவிட்டது. இறங்கிவிடுகிறேன், படக்காரருக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நீ போ, உன்னுடையதுதான் இப்போது சரியாகிவிட்டதே என்று என்னென்னவோ சொன்னேன். பையைக்கூடத் தோளில் மாட்டினேன்.

"நீ தந்தா நான் வாங்கிண்டு போவேன்னு நெனச்சியா?" என்றாள். குரல் உயரவே இல்லை. "உக்காரு. போய் ஒழுங்கா எழுது. அந்தப் பொம்மனாட்டிகள் சொல்றதை அப்படியே எழுது. உன் இஷ்டத்துக்கு மாத்தாதே."

பேருந்து நகர்ந்தது. அவள் கம்பியிலிருந்து கையை எடுக்காமல் நாலு அடி கூடவே நடந்தாள். ஏதோ மறந்துவிட்டதைச் சொல்ல வருகிறவள் மாதிரி ஜன்னலுக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தாள்.

"திரும்பி வந்ததும் நீ போன்ல விளிக்க வேண்டாம்" என்றாள். "விளிக்கணும்னு தோணித்துன்னா நானே விளிக்கறேன்."