இல்லாத நோயாளிக்கு ஒரு பை ரத்தம்

காலையில் வந்ததும் அக்கா ஒருவரைக் கொல்லப் பார்ப்பார். ஓ குரூப் நோயாளி ஒருவருக்கு பி குரூப் ரத்தம் கொடுத்ததாகத் தன் கணினியில் அடிப்பார். ‘பொருந்தாது’ என்று திரையில் சிவப்பாக ஒரு வரி வரும். “சமத்து” என்று டேட்டாபேஸைப் பாராட்டிவிட்டு அதன்பிறகுதான் டீயைத் தொடுவார். அந்த நோயாளி அக்காவே உருவாக்கி வைத்திருக்கும் பொய் ஆள். பதினான்கு வருடமாகத் தப்பித்து வருகிறார், ஆயுசு கெட்டி.

எங்கள் ரத்த வங்கியின் டேட்டாபேஸ் அக்காவின் பொறுப்பு. தகவலைச் சேர்த்து வைத்ததோடு விட்டாரா? ரசீது, அறிக்கை, குறுஞ்செய்தி, விதிகள் என்று அத்தனைக்குமான நிரல்களையும் அதற்குள்ளேயே எழுதித் திணித்துவிட்டார். “சாமான் இருக்கிற எடத்துலதானே சமைக்கணும்?” என்பார். வீட்டிலும் துணி, மருந்து, பத்திரம் எல்லாம் ஒரே அலமாரிதான். “ரெண்டாவது அலமாரின்னு வாயைத் தொறந்தா அன்னைக்கு எனக்குச் சோறு கிடையாது” என்று அவர் கணவர் என்னிடம் புலம்பியிருக்கிறார்.

புதிதாக வந்த மேனேஜர், கவுன்டர் கணினிகளுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே அப்ளிகேஷன் சர்வர் என்று தனியாக ஒரு கணினி வைத்து நிரல்களை அங்கே மாற்றலாம், டேட்டாபேஸ் கொஞ்சம் மூச்சு விடட்டும் என்றார். அக்கா மூன்று மாதம் பிடிகொடுக்கவில்லை. பிறகொரு நாள், டேட்டாபேஸுக்குள் மாத அறிக்கை ஓடிக்கொண்டிருந்தபோது கவுன்டர் திரைகள் எல்லாம் பதினொரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டன. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன் மேல் போன். கடைசியில் விவரத்தைக் காகிதத்தில் எழுதி ரத்தப் பையை அனுப்பினோம். நோயாளி பிழைத்துக்கொண்டார். அக்கா அன்று மதியம் சாப்பிடவில்லை.

மறுநாள் கூட்டத்தில் மேனேஜரிடம், “எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி” என்றார். “குரூப் பாக்குற விதி மட்டும் உள்ளேயே இருக்கட்டும்.”

“அதையும் சர்வர்லயே வெச்சிடலாம்க்கா. அதைத் தாண்டி யாரு உள்ள வரப்போறா?”

“நான் வருவேன். டேட்டாபேஸ்ல நேரா கைவெச்சுத் திருத்துறது நான்தானே? போன வருஷம் அவசரத்துல ஒரு பைய வேற குரூப் ஆளுக்குப் போட்டுட்டேன். அந்த விதிதான் விடல. விட்டிருந்தா...”

எங்கள் இயக்குநர் குனிந்து எதையோ குறித்துக்கொண்டார். அக்கா தப்பு செய்து நாங்கள் யாரும் கேள்விப்பட்டதில்லை. வேலைக்கே உலை வைக்கக்கூடிய விஷயத்தை அவராகவே போட்டு உடைத்துவிட்டார். எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. மேனேஜர் எழுந்து போய், பலகையில் தான் வரைந்திருந்த படத்தில் சர்வர் கட்டத்துக்குள் எழுதியிருந்த அந்த விதியை அழித்து, டேட்டாபேஸ் கட்டத்துக்குள் எழுதினார்.

புதிய சர்வர் ஓடத் தொடங்கிய முதல் காலை. கவுன்டர்களில் வேலை பறந்தது. ஆளாளுக்கு மேனேஜரைப் பாராட்டினார்கள். அக்காவின் மேசையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அக்கா மேனேஜரைக் கூப்பிட்டு, டேட்டாபேஸை நேராகத் திறந்து, கீபோர்டை அவர் பக்கம் திருப்பினார்.

“இன்னைக்கு நீங்க அடிங்க.”

அந்தப் பொய் ஆளுக்கு பி குரூப் ரத்தம் கொடுத்ததாக மேனேஜர் அடித்தார். சிவப்பு வரி வந்தது.

அக்கா டீயை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.