கொப்பியில் ஓடிய தண்ணீர்

கட்டம் போட்ட அந்தக் கணக்கு நோட்டு, எங்கள் பேச்சில் கொப்பி, இன்னும் என்னிடம் இருக்கிறது. கட்டத்துக்கு ஒரு எண். அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்துச் சில இடங்களில் தாளே மெலிந்துவிட்டது. அதைத் திறந்தால் எஞ்சினியர் மேல் கோபம் வரும். அப்புறம் என் மேல் வரும்.

எழுபதுகளில் பதுளையில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் போடும் வேலை எனக்கு. எஞ்சினியர் யாழ்ப்பாணத்துக்காரர், வெளிநாட்டில் படித்தவர். ஸ்பிரிங்வெளிக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மலை ஊற்றிலிருந்து கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் குழாய் போட வேண்டும். என் அக்கா அந்த லயத்தில்தான் இருந்தாள். கொழுந்து பறித்துவிட்டு வந்து, ஓடைக்கு இறங்கிக் குடம் சுமப்பாள். குழாய் வழியில் ஒரு மேடு. அங்கே காற்று அடைபட்டால் தண்ணீர் தாண்டாது. தானாகத் தாண்டுமா, காற்றை வெளியேற்ற வால்வு வேண்டுமா என்பதுதான் கேள்வி. எஞ்சினியர் குழாயைக் கொப்பியில் துண்டு துண்டாகப் பிரித்தார். ஒவ்வொரு துண்டிலும் தண்ணீர் எவ்வளவு, காற்று எவ்வளவு, பத்து விநாடி கழித்து எவ்வளவு, இன்னும் பத்து விநாடி கழித்து எவ்வளவு. கைப்பிடி வைத்த கணக்கு மெஷினை நாள் முழுக்கச் சுற்றியவன் நான்.

மூன்றாம் நாள் சில துண்டுகளில் தண்ணீர் மைனஸில் வந்தது. பத்து விநாடி இடைவெளி அதிகம். அதற்குள் ஒரு துண்டு தன்னிடம் இருப்பதைவிட அதிகத் தண்ணீரை அடுத்த துண்டுக்குக் கொடுத்துவிடுகிறது. காட்டினேன்.

"தண்ணி மைனஸிலை நிக்குமே ஐசே? சைபரைப் போடும்."

போட்டேன். சாயங்காலம் எல்லாத் துண்டையும் கூட்டினால், மேலே விட்டதைவிடக் குழாய்க்குள் அதிகத் தண்ணீர்! "சேர், இல்லாத தண்ணிய நாம உண்டாக்குறோம். அஞ்சஞ்சு விநாடியாப் போட்டா சரியாகும்" என்றேன்.

"முதலிலையிருந்து ஆர் மெஷின் சுத்துறது, நானே?" என்று சிரித்தார்.

தோள் வலித்தது. வாயை மூடிக்கொண்டேன். நான் செய்த அயோக்கியத்தனம் அதுதான். கொப்பித் தண்ணீர் காற்றைத் தள்ளிக்கொண்டு மேட்டைத் தாண்டியது. வால்வு வேண்டாம் என்று அவர் கையெழுத்துப் போட்டார்.

குழாய் திறந்த நாள், லயத்தில் தண்ணீர் விழ வேண்டிய பீலியடியில் பெண்கள் குடத்தோடு வரிசையாக நின்றார்கள். பீலி இருமியது, சீறியது, நின்றது. அக்கா குடத்தை அதன் வாயில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "வாங்க கணக்குத் தொரை, காத்து நல்லா வருது. இத எதுல புடிக்கிறது?" எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஓடைக்கு இறங்கினார்கள். குழாய் பொருத்தியவன் பிழை என்றார் எஞ்சினியர். பிறகு மாற்றலாகிப் போய்விட்டார். வால்வு வர நாலு வருடம் ஆனது. அதுவரை அக்கா குடம் சுமந்தாள்.

இப்போது இதைக் கம்பியூட்டர் ஒரு நொடியில் போடும் என்கிறான் அக்கா மகன். மைனஸ் வந்தால் அதுவும் சைபர் போடுமா என்று கேட்டேன். "நாம என்னா சொல்றமோ அதத்தான் செய்யும் மாமா" என்றான். கொப்பியை விரித்துக் காட்டினேன். நான் பென்சிலை அழுத்தி எழுதுகிறவன். ஒவ்வொரு சைபருக்கும் பக்கத்தில், அழித்த மைனஸ் கோடு பள்ளமாக இன்னும் இருக்கிறது. அவன் விரலால் தடவிப் பார்த்து, "இதெல்லாம் அந்த எஞ்சினியர் எழுதுனதா?" என்றான்.

"இல்லை" என்றேன். "நான் எழுதியது."