போட்ட ஊசி வேறு

காலையில் நாஷ்டாவுக்கு உட்கார்ந்த என் கணவர், தண்ணீர் டம்ளரை வாய் வரை கொண்டுபோய்க் கீழே வைத்துவிட்டார். தொண்டை இழுத்துப் பிடிக்கிறது என்றார். முந்தின நாளிலிருந்தே காய்ச்சல். இடது கணுக்காலில் எரிச்சல். வியர்க்கிறதே என்று ஃபேனைப் போட்டேன். முகத்தில் காற்று பட்டதும் உடம்பு தூக்கிப்போட்டது.

"நிறுத்து செல்வி, நிறுத்து!" என்று கத்தினார்.

அவருக்குக் கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலையில் வேலை. ஷிப்ட் ஆட்கள் பரோட்டா போட்டு வளர்த்த நாய் ஒன்று கேட் ஓரமாகக் குட்டி போட்டிருந்தது. சில வாரங்களுக்கு முன்பு அதில் ஒரு குட்டி அவர் கணுக்காலைக் கவ்விவிட்டது.

"இன்னாயா இது, ரத்தம்?" என்று அன்றைக்கே கேட்டேன்.

"குட்டி கட்ச்சிச்சி. பேஜாரு பண்ணாத மே, ஊசி போட்டுக்கினேன்."

போட்டது உண்மைதான். அந்த ஆலையில் தகடு கீறினாலும் கம்பி குத்தினாலும் முதலுதவி அறையில் டி.டி. (ரண ஜன்னியைத் தடுக்கும் ஊசி) போட்டு அனுப்புவார்கள். காயம் என்றால் அந்த ஊசி, அதோடு சரி என்பது எங்கள் தெரு முழுக்கப் பழக்கம். நாய் என்று சொன்னால் குட்டிகளை அடித்துத் துரத்திவிடுவார்களே என்று, காலில் காயம் என்று மட்டும் அங்கே சொல்லியிருக்கிறார். அட மனுஷா!

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாய்க்கடிக்கு ஊசி போட்டாராம்மா?"

"கம்பெனியிலயே போட்டுக்கினாரும்மா. ஒரு ஊசி."

"அது வேற ஊசிம்மா. இது ரேபீஸ் (வெறிநாய்க்கடி நோய்). கிருமி நரம்பு வழியா மூளைக்குப் போயிடுச்சு. இனிமே காப்பாத்த முடியாது. கஷ்டம் தெரியாம பாத்துக்கறோம்."

நடுநடுவே அவருக்கு நல்ல நினைவு இருந்தது. அதுதான் கொடுமை. தண்ணீர் கேட்டு அழுவார், கொண்டுபோனால் அலறுவார். ஒரு தடவை, "குட்டிங்க எப்டி கீதுங்க?" என்று கேட்டார். எல்லாம் செத்துவிட்டதாக அவர் கூட்டாளி சொல்லியிருந்தார். "நல்லா கீதுங்க" என்றேன். மறுநாள் அவர் போய்விட்டார்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாரையாவது நாய் கடித்திருந்தால், இத்தோடு நிறுத்திவிட்டு எழுந்து போங்கள். குட்டியானாலும், வளர்த்த நாயானாலும், வெறும் கீறலானாலும் சரி. சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். "நாய் கடித்தது" என்று வாய்விட்டுச் சொல்லி, அதற்குரிய ஊசியை எல்லாத் தவணையும் போடுங்கள். ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே போடும் மருந்தும் உண்டு, கேளுங்கள். நோய் தலைகாட்டிவிட்டால் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அவர் எச்சிலைத் துடைத்த என் விரலில் அரிவாள்மனை வெட்டு இருந்தது. அதனால் நானும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் அரசு சுகாதார நிலையத்திலேயே அது இருக்கிறது. அந்த நாட்களில் எனக்குக் கிழமையெல்லாம் மறந்துபோனது. அடுத்த ஊசி என்றைக்கு என்பது மட்டும் தெரிந்தது. கை என்னுடையது போலவே இல்லை; நீட்டச் சொன்னால் நீட்டினேன்.

கடைசி ஊசியன்று குத்தியதுகூடத் தெரியவில்லை.

"அவ்ளோதாம்மா, முடிஞ்சிச்சி. இனிமே உனுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார் நர்சம்மா.

நான் எழுந்திருக்கவில்லை. அடுத்த ஆள் வந்து நின்ற பிறகும் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தேன்.