எட்டுப் பல் தெரிய

அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் ஆறாம் எண் கவுன்டருக்கு யாரும் சந்தோஷமாக வருவதில்லை. வீட்டில் ஒரு சாவு விழுந்த பிறகு, அதற்குச் சேரவேண்டிய காப்பீட்டுப் பணத்தைக் கேட்டு வருகிறவர்களுக்கான கவுன்டர் அது. அங்கே பல வருஷமாக உட்கார்ந்திருந்தவளை அலுவலகத்தில் எல்லோரும் 'கணீர் அக்கா' என்பார்கள். கேன்டீனில் அவள் தும்மினால் மாடிவரை கேட்கும். ஆனால் கவுன்டரில் அந்தக் குரல் பாதியாக இறங்கிவிடும். வந்தவர் உட்காரும்வரை பேனாவைத் தொடமாட்டாள். கணினியைச் சற்று ஒதுக்கி, இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்து, தலையைக் கொஞ்சம் தாழ்த்திக் காத்திருப்பாள். அவசரமில்லை, மெதுவாகச் சொல்லுங்கள் என்று வாயால் சொல்லவேண்டிய தேவையே இருக்காது. தன் அப்பா இறந்தபோது, கடைசிவரை நிமிர்ந்தே பார்க்காத ஒரு குமாஸ்தாவின் உச்சந்தலையோடு பேசிவிட்டு வந்தவள் அவள்.

ஒருநாள் காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது பக்கமாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் இடது கண் மூட மறுத்தது. முகத்து நரம்பில் வீக்கம், பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார் டாக்டர். கண் ஒருவழியாக மூட ஆரம்பித்தது. மற்றபடி இடது பக்கம் செத்தது செத்ததுதான். பேசும்போது வலது உதடு மட்டும் மேலே ஏறும். பார்க்கிறவர்களுக்கு அது நக்கல் சிரிப்பு.

"என்னப் பாத்தா நக்கல் பண்ற மாதிரியா இருக்கு?" என்று புருஷனிடம் கேட்டாள். அவர் வெல்டிங் பட்டறையில் வேலை பார்ப்பவர்.

"எனக்கென்ன தெரியும்? என்னப் பாத்தா நீ முன்னாடியும் அப்படித்தான் சிரிப்ப."

அவள் சிரித்துவிட்டாள். அவர் விளையாட்டை விட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க பட்டறையில நாள் பூரா எல்லார் மூஞ்சியிலயும் மூடி. சத்தத்துல பேச்சும் கேக்காது. எவனுக்குக் கோவம், எவனுக்கு உடம்பு சரியில்லன்னு தோளப் பாத்தே தெரிஞ்சுக்குவோம். மூஞ்சி இல்லாமலே காலம் தள்றோம்."

"உங்ககிட்ட வர்றது இரும்பு. என்கிட்ட வர்றது மனுஷங்க."

அந்தச் சமயத்தில்தான் கடல்தாண்டி இருந்த தலைமை அலுவலகம் ஒரு பயிற்சியாளரை அனுப்பியது. அவருடைய நாட்டில் முன்பின் தெரியாதவர்களைப் பார்த்தாலும் சிரிப்பார்களாம். அது அங்கே மரியாதை. இருக்கட்டும். ஆனால் அதே சிரிப்பை இங்கே சாவு வீட்டுக்காரன் முன்னால் காட்டினால் என்ன ஆகும் என்று யோசிக்க அந்தப் பெரிய அலுவலகத்தில் ஒரு ஆள்கூடவா இல்லை? அவர் பேசப் பேச மேனேஜர் மொழிபெயர்த்தார். "வாடிக்கையாளர பாத்ததும் எட்டுப் பல் தெரியச் சிரிக்கணும். சிரிப்புக்கு எல்லா நாட்டுலயும் ஒரே அர்த்தம்தான்."

கணீர் அக்கா எழுந்தாள். "ஆறாம் நம்பர்லயுமா சார்? பெத்த பிள்ளையப் பறிகொடுத்துட்டு வர்றவங்ககிட்டயும் பல்லக் காட்டணுமா?"

மேனேஜர் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. பயிற்சியாளரோ அவள் உதடு மேலே ஏறியதைப் பார்த்துவிட்டு, பாடம் பிடித்துப் போயிற்று என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அடுத்த வாரமே ஒவ்வொரு கவுன்டரிலும் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது. பச்சையில் சிரிக்கிற முகம், மஞ்சளில் சும்மா இருக்கிற முகம், சிவப்பில் சுளித்த முகம். போகும்போது ஒன்றை அழுத்திவிட்டுப் போகவேண்டும். தாலி கட்டியவனைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தவள் எதை அழுத்துவாளாம்?

விபத்தில் தம்பியை இழந்த ஒருவர் ஒருநாள் வந்தார். சட்டைப் பையிலிருந்து தம்பியின் புகைப்படத்தை எடுத்து மேசையில் வைத்தார். "எப்படிங்க ஆச்சு?" என்று மெல்லக் கேட்டாள். உதடு ஏறியது.

"என்ன சிரிக்கிற?" என்றார் அவர். "என் தம்பி செத்தது உனக்கு வேடிக்கையா இருக்கா?"

"ஐயோ, இல்லங்க..."

பேசப் பேச உதடு இன்னும் ஏறியது. அவர் புகைப்படத்தைப் பிடுங்கிக்கொண்டு, சிவப்பு முகத்தில் ஓங்கிக் குத்திவிட்டு மேனேஜர் அறைக்குள் போனார். வெளியில் வரும்போது அவள் பக்கம் திரும்பவே இல்லை.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். "உங்க மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியும். பாக்கறவங்களுக்குத் தெரியாதே. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், போன் செக்‌ஷனுக்குப் போயிடுங்க."

"இவங்களுக்கு முகத்துல நரம்புப் பிரச்சினைன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

"உங்க சொந்த விஷயத்த நான் எப்படி வெளியில..."

"மூஞ்சி ஊருக்கே தெரியுது. காரணம் மட்டும் சொந்த விஷயமா?"

மறுநாளே, உடைந்த நாற்காலிகளை அடுக்கியிருந்த ஜன்னலில்லாத அறையில் அவளுக்கு ஒரு போனைக் கொடுத்தார்கள்.

அங்கே அவளுக்கு நல்ல பெயர் குவிந்தது. கூப்பிட்டவர்கள் எல்லாம் நீங்க நல்லா இருக்கணும் என்று வாழ்த்திவிட்டுத்தான் போனை வைத்தார்கள். மேனேஜரும் வாசலில் எட்டிப் பார்த்து, "பாத்தீங்களா, உங்களுக்குப் பொருத்தமான இடம்" என்றார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அதே ஆள்தான், அதே பேச்சு, அதே அக்கறை. முகத்தை ஒளித்துவைத்தால் மட்டும் மனுஷியாகிவிடுகிறாளா?

ஒரு மதியம் வந்த அழைப்பில் பேசியவர் எந்தக் காகிதம் எங்கே போகவேண்டும் என்று தெரியாமல் தவித்தார். அவள் பொறுமையாகச் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் குரல் கரகரத்தது.

"ரொம்ப நன்றிம்மா. நீங்க பேசறது மனசுக்கு ஆறுதலா இருக்கு. உங்க ஆபீஸ் கவுன்டர்ல ஒருத்தி இருந்தா. தம்பி செத்துட்டான்னு சொல்றேன், சிரிக்கிறா. அங்க உங்கள மாதிரி ஒருத்தர வெக்கக் கூடாதா?"

"அது நான்தான் சார்."

"என்னது?"

"கவுன்டர்ல இருந்தது நான்தான். சிரிக்கல. எனக்கு முகத்துல ஒரு பக்கம் வேலை செய்யாது. நீங்க உங்க தம்பி போட்டோவ வெச்சப்ப எனக்கும் அழுகைதான் வந்துது. அது மூஞ்சிக்கு வரல, அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் தூரத்தில் ஏதோ லாரி ஹாரன் அடித்தது. பிறகு இணைப்பு அறுந்தது. அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போன் மறுபடி அடிக்கவில்லை.

எழுந்து நேராகக் கூடத்துக்கு வந்தாள். ஆறாம் எண்ணில் புதிதாகச் சேர்ந்த பெண், மனைவியை இழந்த முதியவர் ஒருவர் முன்னால், பயிற்சியில் சொன்னபடி எட்டுப் பல்லையும் காட்டிக்கொண்டிருந்தாள். கன்னம் துடித்தது பாவம். முதியவர் கையிலிருந்த உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் பின்னுக்குப் போயிருந்தார்.

"எந்திரிம்மா. நீ போய் போன எடு."

அந்தப் பெண் விட்டால் போதும் என்று எழுந்து ஓடினாள். கணீர் அக்கா உட்கார்ந்து கைகளை மேசைமேல் விரித்தாள். "ஐயா, முதல்லயே சொல்லிடறேன். எனக்கு நரம்புக் கோளாறு. சிரிக்கிற மாதிரி தெரியும், சிரிக்கல. உங்க வீட்ல என்ன ஆச்சு, சொல்லுங்க."

முதியவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

மேனேஜர் விரைந்து வந்தார். வரிசையில் நிற்பவர்கள் பார்க்கிறார்களே என்று முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, பல்லிடுக்கில் பேசினார்: "என்ன இது? எழுந்து வாங்க, உள்ள பேசிக்கலாம்."

"இங்கயே பேசலாம் சார்." இந்த முறை அவள் குரலை இறக்கவில்லை, மாடியில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. "உங்களுக்குக் கோவம், ஆனா சிரிக்கிறீங்க. எனக்குத் துக்கம், சிரிக்கிற மாதிரி தெரியுது. இதுல யார் மூஞ்சி சார் கெட்டுப்போச்சு?"

மேனேஜரின் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் உதட்டிலேயே நின்றது. "அவங்களே பாக்கட்டும் விடுங்க சார்" என்றது வரிசையில் ஒரு குரல். அவர் திரும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த நாற்காலியிலிருந்து அவளை யாரும் எழுப்பவில்லை. மூன்று முகப் பெட்டியை மேசை டிராயருக்குள் போட்டாள். எங்கே என்று மேனேஜர் கேட்டபோது, "அதுக்கும் மூஞ்சி சரியில்ல சார். அதோட நல்லதுக்குத்தான் உள்ள வெச்சிருக்கேன்" என்றாள்.

ஆனால் வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் தன் முகத்துக்குச் சமாதானம் சொன்ன பிறகுதான் அவர்கள் துக்கத்தை அவளால் கேட்க முடிகிறது. சிலர் "ஐயோ பாவம்" என்கிறார்கள். அது நக்கல் என்று நினைப்பதைவிட எரிச்சலாக இருக்கிறது.

"பழகிடும், விடு," என்றார் புருஷன் ஓர் இரவு, சாப்பிட்டுக்கொண்டே.

"நான் எதுக்குப் பழகணும்?" என்று கரண்டியை நங்கென்று வைத்தாள். "பாக்கறவங்க பழகட்டும்."

அவர் தன் தட்டோடு நகர்ந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.