ஞாயிற்றுக்கிழமைச் சோறு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெங்களூரில் எங்கள் லிங்கராஜபுரத்தில் கறிக்குழம்பு கொதிக்காத கிறிஸ்தவ வீடு கிடையாது. ஆராதனை முடிந்து வெளியே வரும்போதே பாதிப் பேருக்குப் பிரசங்கம் மறந்துவிடும், வயிறுதான் ஞாபகத்தில் இருக்கும். அப்படிப்பட்ட நாளில் வீட்டில் ஒருத்தி பட்டினி கிடந்தால் சமைத்தவளுக்கு எப்படி இருக்கும்? சமைத்தவள் நான், நோரா. பட்டினி கிடந்தவள் என் அண்ணி யூனிஸ்.

என் அண்ணன் ஹெர்பர்ட் கல்யாணமான இரண்டாம் வருஷமே காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை இல்லை. அண்ணி எங்கள் வீட்டிலேயே தங்கி, தண்டு என்கிற பட்டாளப் பகுதியில் துரைமார் வீடுகளுக்கு ஆயா வேலைக்குப் போனாள். எந்தப் பிள்ளை அழுதாலும் யூனிஸ் தூக்கினால் அடங்கிவிடும் என்று துரைசானிகள் போட்டி போட்டுக்கொண்டு கூப்பிடுவார்கள். இவளோ, கூப்பிட்ட இடத்துக்குப் போவாள், சொன்னதைச் செய்வாள். வாய் என்று ஒன்று இருப்பதே பல பேருக்குத் தெரியாது. எனக்கு நேர் எதிர்.

1934-இல் டோரீன் துரைசானி தன் இரண்டு பிள்ளைகளோடு சீமைக்குப் புறப்பட்டபோது அண்ணியையும் அழைத்துக்கொண்டு போனாள். சீமையில் குளிர் தாங்கவில்லை. அங்கிருந்து டிரினிடாட் என்ற தீவுக்குக் கப்பல் ஏறினார்கள். அங்கே துரைசானியின் அக்கா புருஷன் கரும்புத் தோட்டத்து மேனேஜர். குளிர்காலம் முடியும்வரை அங்கேதான் விடுமுறை.

எங்கள் தெருவில் மதராஸ் போய்வந்தவனே ஒரு மாதம் அளப்பான். அண்ணி திரும்பி வந்தால் ஒரு வருஷத்துக்குக் கதை கேட்கலாம் என்று நான் காத்திருந்தேன். வந்தாள்.

"என்ன அண்ணி பாத்தீங்க?"

"கடல்தான்."

"கடல்ல என்ன?"

"தண்ணிதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தோடு விட்டதா? ஞாயிறு வந்தால் கோயிலிலிருந்து நேரே அல்சூர் பக்கம் நடந்து போய்விடுவாள். பொழுது சாயத் திரும்புவாள். எடுத்துவைத்த சோற்றைத் தொடமாட்டாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? "உங்க அண்ணிக்கு அல்சூர்ல யாரு?" என்று உபதேசியார் மனைவி என்னிடமே கேட்டாள். மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் கரண்டியோடு வாசற்படியை மறித்து நின்றுகொண்டேன். "சொன்னாதான் விடுவேன்" என்றேன். அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தத் தீவின் சந்தையில் துரைசானிக்குப் பின்னால் கூடை தூக்கிக்கொண்டு போனாளாம். "இது என்ன கத்திரிக்காயா, வேற ஏதாச்சுமா" என்று தனக்குத்தானே முணுமுணுத்திருக்கிறாள். கீரை விற்றுக்கொண்டிருந்த ஒருத்தி சட்டென்று இவள் கையைப் பிடித்தாள். தமிழச்சி. நாற்பது வயசு இருக்கும். சின்ன வயசிலேயே கூலியாட்களோடு கப்பல் ஏறி வந்தவள்.

"எந்த ஊரு நீ?"

"பெங்களூரு."

"அல்சூர் ஏரி தெரியுமா?"

தெரியும் என்றதும் அழுதாளாம். பேர் பச்சையம்மா என்றாள். ஏரிக்கரையில் தோட்டம், பூக்கட்டுகிற குடும்பம், ஒரே அண்ணன். "எங்க அண்ணனுக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பணும். இப்பிடி நின்னுக்கிட்டு சொல்ற சேதி இல்ல. ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வா. சோறாக்கி வெக்கிறேன்" என்று சந்தைக்குப் பின்னால் இருந்த தெருவைக் காட்டினாள். துரைசானி அவசரமாகக் கூப்பிட்டாள். "கட்டாயம் வரேன்" என்று சொல்லிவிட்டு இவள் ஓடினாள். அண்ணன் பேரைக்கூடக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

அந்த ஞாயிறு துரைசானி லீவும் கொடுத்தாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இருந்தது. படி இறங்கும்போது துரைசானியின் அக்கா கூப்பிட்டாள். எல்லாரும் படகில் எதிர்த்த சின்னத் தீவுக்குப் போகிறோம், நீயும் வாயேன், இன்று உனக்கு வேலை ஒன்றுமில்லை, வந்து சும்மா இரு என்றாள்.

"சும்மா இருன்னு என்னை யாரும் சொன்னதே இல்ல நோரா."

போனாள். அங்கே மலைக்குள் ஒரு குகை, அடியில் நீலமாகத் தண்ணீர் தேங்கியிருந்ததாம். கரையில் ஊர்ச் சனங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வலை இழுத்தார்கள். இவளும் ஒரு கை பிடித்து இழுத்தாள். பிடித்த மீனை அங்கேயே பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தந்தார்கள். எளநீர் குடித்தாள். அப்புறம் புடவையோடு கடலில் இறங்கினாள். வெந்நீர் விளாவின மாதிரி இதமாக இருந்ததாம் தண்ணீர். கழுத்துவரை நின்றாள். திரும்பும்போது சிவப்புக் கொக்குகள் கூட்டமாகப் பறந்தன.

"மறந்துட்டேன்னு சொன்னாக்கூடப் பரவாயில்ல. மறக்கல. தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டே நெனச்சேன், இந்நேரம் அவ அடுப்பு மூட்டியிருப்பான்னு. நெனச்சுக்கிட்டே இன்னொரு முங்கு போட்டேன். சந்தோஷமா இருந்துச்சு நோரா. அதான் என்னால தாங்க முடியல."

மறுநாள் சந்தைக்குப் போகிறேன் என்று கேட்டிருந்தால் துரைசானி விட்டிருப்பாள். அந்தப் பெண்ணின் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுக் கேட்கவில்லை. அதற்கடுத்த நாள் கப்பல் கிளம்பிவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஆயுசுக்கு ஒரே ஒரு நாள் ஓய்வு கிடைத்தவள் கடலில் குளித்ததற்கு என்ன தண்டனை கொடுப்பது? அதே சமயம், சோறாக்கி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருந்த அந்த இன்னொருத்தி என் கண்ணைவிட்டுப் போகவில்லை. கரண்டியைக் கீழே வைத்தேன்.

"மூணு வருஷமா அல்சூர்ல என்னன்னு கேக்கறீங்க?"

"பச்சையம்மான்னு தெருவுக்கு நாலு பேரு. அதான், உங்க வீட்ல கப்பலேறித் தீவுக்குப் போன பொண்ணு உண்டான்னு கேக்கறேன். எல்லாரும் இல்லைங்கறாங்க."

அடுத்த ஞாயிறு நானும் கூடப் போனேன். எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு மாலை சொல்ல வேண்டியிருந்தது. ஏரிக்கரையில் எல்லப்பன் என்ற பூக்காரர் நன்றாகக் கட்டுவார் என்றார்கள். இதற்குமுன் அந்த வீட்டிலும் கேட்டிருக்கிறாள் அண்ணி. எல்லப்பனின் மனைவிதான் "அப்பிடி யாரும் இல்ல" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

நாங்கள் போனபோது வீடு மெழுகிக் கோலம் போட்டிருந்தது. உள்ளே விளக்கின் முன்னால் ஒரு புதுக் கூடை. அதில் சிவப்புப் பாவாடை, மேலாடை, வளையல், பூ. பக்கத்தில் இலை போட்டுச் சோறும் குழம்பும் வடையும் படைத்திருந்தார்கள். நரைத்த மீசையோடு எல்லப்பன் வெளியே வந்தார்.

"இன்னிக்கு வியாபாரம் இல்லம்மா. பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன். அதுக்கு முன்னால பூவாடைக்காரிக்குப் படையல். கன்னியாப் போனவள நெனைக்காம இந்த ஊட்டுல ஒரு காரியமும் பண்றதில்ல."

கிளம்பலாம் என்று நான் திரும்பினேன். அண்ணி நகரவில்லை. கூடைக்குள் இருந்த பாவாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருண்ணே போனது?"

"எந்தங்கச்சி. ஏரியில உழுந்து பூட்டா. நாந்தான் காரணம்." நாலு பேர் எதிரில் இதைச் சொல்லி அவருக்குப் பழகியிருந்தது. "தண்டுல பேண்டு வாசிக்கறத பாக்கப் போயி பூக்கூடைய வெயில்ல வாட உட்டுட்டா. அடிச்சேன். போயி ஏரியில உழுன்னேன். மறுநா கூட மட்டும் கரையில கெடந்துச்சு."

"பேரு?"

"பச்சையம்மா."

அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஏரியில் விழுந்த பெண்ணைக் கடல் தாண்டிப் போனவள் என்று கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்? மூன்று வருஷம் இந்த வாசலைக் கடந்து போயிருக்கிறாள் பாவி மகள்.

"உங்க தங்கச்சி சாகல அண்ணே. நான் பாத்தேன். என் கையைப் பிடிச்சா."

பிறகு எல்லாம் சொன்னாள். சந்தை, கீரை, அல்சூர் ஏரி என்றதும் அழுதது. எல்லப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவர் மனைவி உள்ளிருந்து ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் அவர் அழுதாரா சிரித்தாரா என்று எனக்குப் புரியவில்லை. மீசையைத் துடைத்துக்கொண்டு தலையைத் தூக்கினார்.

"எம்மேல கோவமா இருந்தாளா? எனக்கு இன்னா சொல்லி அனுப்பிச்சா?"

இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த நேரத்தில் நானாக இருந்தால் கூசாமல் சொல்லியிருப்பேன், கோபமே இல்லை, உங்களை நினைத்துத்தான் அழுதாள் என்று. ஒரு பொய்யில் இரண்டு பேர் பாரம் இறங்கும். அண்ணியின் முந்தானையை இழுத்தேன்கூட. அவள் என் கையைத் தள்ளிவிட்டாள்.

"சேதி இருக்கு, ஞாயித்துக்கெழம வா, சோறாக்கி வெக்கிறேன்னா. நான் போகல அண்ணே. கடல்ல குளிக்கப் போயிட்டேன்."

எல்லப்பன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டுவார், வெளியே போ என்பார் என்று நான் செருப்பைக் காலால் தேடினேன்.

"அந்தக் கடலு எப்பிடி இருந்துச்சு?" என்றார்.

அண்ணிக்குப் புரியவில்லை.

"அவ இருக்கற ஊரு தானே. சொல்லு."

மூன்று வருஷமாக எங்களுக்குச் சொல்லாத கதையை அவருக்குச் சொன்னாள். வெதுவெதுப்பான தண்ணீர், வலை இழுக்கும்போது பாடின பாட்டு, ரொட்டிக்குள் வைத்த மீன், நீலக் குகை, சிவப்புக் கொக்கு. சொல்லச் சொல்ல அழுதாள். அவர் ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டினார். கொக்கை மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

முடிந்ததும் எழுந்து உள்ளே போனார். படையல் இலையை அப்படியே எடுத்து வந்து அண்ணி முன்னால் வைத்தார். படைத்த சோற்றை எங்கள் ஆட்கள் தொடமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும்.

"உசுரோட இருக்கறவளுக்கு யாராச்சும் படைப்பாங்களா? இது வெறும் சோறு. சாப்புடு தாயி."

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, பிசைந்து ஒரு வாய் வைத்தாள். எல்லப்பன் எதிரில் குந்தி இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.

"நீ போயிருக்கலாம்" என்றார், குரலை உயர்த்தாமல்.

"ஆமாண்ணே" என்றாள் அண்ணி. இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.