இருபத்தெட்டு வருடம் திறக்காத கதவு

கூட வேலை பார்க்கும் லிஃப்ட் மெக்கானிக்குகள் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எந்தப் படையிலும் இருந்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒரு விண்வெளிக் கப்பலை ஓட்டியிருக்கிறார், அவ்வளவுதான். அதையும் முழுதாக ஓட்டவில்லை. பாதியை மனைவி ஓட்டினார்.

மெக்கானிக்குக்கு வேலை பகல் இரண்டு மணிக்குத் தொடங்கும். மனைவி மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிப்பவர். காலை ஆறு மணிக்குப் போனால் மூன்று மணிக்குத்தான் வருவார். ஒரே அறை. ஜன்னலோரம் ஒரு மேஜை, அதன்மேல் இன்னொருவர் பயன்படுத்தி விற்ற கணினி. அதில் அந்த விளையாட்டு இருந்தது. பழுதான ஒரு கப்பல், அதில் ஐந்து பேர், அவர்களைப் பத்திரமாக வீடு சேர்க்க வேண்டிய ஒரு கேப்டன். சுடுவதைவிடப் பேசுவதும் முடிவெடுப்பதும்தான் அதிகம். ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் சில புள்ளிகள் கிடைக்கும். கேப்டனுக்கு இயந்திர அறிவோ, மருத்துவமோ, பேச்சுத் திறமையோ எது வேண்டுமோ அதில் போட்டுக்கொள்ளலாம்.

காலையில் மெக்கானிக் நிறுத்திய இடத்திலிருந்து மாலையில் மனைவி தொடர்வார். இருவருக்கும் சேர்த்து ஒரே கேப்டன். வாரம் முழுக்க நேரில் பேசிக்கொள்ள நேரம் கிடைக்காத அந்தத் தம்பதி, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சண்டை போட்டார்கள்.

"நான் சேத்து வெச்ச புள்ளி எல்லாத்தையும் பேச்சுல கொண்டுபோய்க் கொட்டியிருக்க. என்ஜினை யாரு பாப்பா?"

"என்ஜின் உங்களுக்குத் தன்னால வரும். பேச்சுதான் வராது. அங்கயாவது நாலு வார்த்தை பேசட்டுமே மனுஷன்."

கப்பலில் ஒரு டாக்டர் இருந்தார். கிழவர், எதற்கெடுத்தாலும் முணுமுணுப்பவர். "ரத்தம்கூட எடுத்துப் பாக்காம மருந்து குடுக்கறாரு பாருங்க. எங்க லேபா இருந்தா அன்னிக்கே சீட்டு கிழிஞ்சிருக்கும்" என்று மனைவி திட்டுவார். ஆனால் கிடைக்கிற நல்ல கவசத்தை எல்லாம் அந்தக் கிழவருக்குத்தான் மாட்டுவார்.

எட்டு மாதத்தில் கடைசிக் கதவுக்கு வந்து சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்தே திறப்பது என்று பேச்சு. வியாழக்கிழமை காலை மெக்கானிக் தனியாகத் திறந்துவிட்டார். சும்மா எட்டிப் பார்க்கலாம் என்றுதான்.

கதவுக்குப் பின்னால் என்ஜின் அறை. ஒருவர் அங்கேயே நின்று கையால் இயக்கினால்தான் மற்றவர்கள் தப்ப முடியும். நிற்பவர் திரும்ப மாட்டார். யாரை நிறுத்துவது என்று திரையில் ஒரு பெயர்ப் பட்டியல் வந்தது. ரோபோவை நிறுத்தினார், கப்பல் வெடித்தது. விமானியை நிறுத்தினார், மறுபடியும் வெடித்தது. டாக்டரை நிறுத்தினார். கப்பல் தப்பியது.

அவர் எதையும் சேமிக்காமல் கணினியை அணைத்துவிட்டார். ஆட்டம் கதவுக்கு முன்னாலேயே நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்றார். அடுத்த வாரம் வேறொன்று. பிறகு மகள் பிறந்தாள், வீடு மாறினார்கள், கணினி பரணுக்குப் போனது. "அந்த டாக்டர் என்ன ஆனாருன்னு கடைசிவரைக்கும் பாக்கவே இல்லையே நாம" என்று மனைவி எப்போதாவது சொல்வார். மெக்கானிக் பேச்சை மாற்றிவிடுவார். மனைவி கையால் அந்தக் கிழவர் சாகக் கூடாது. தான் முந்திக்கொண்டது மனைவிக்குத் தெரியவும் கூடாது. இந்த இரண்டையும் இருபத்தெட்டு வருடம் மனதுக்குள்ளேயே வைத்திருந்தார்.

போன மாதம் மனைவி ஓய்வு பெற்றார். வீட்டிலிருந்த முதல் திங்கட்கிழமையே பரணில் இருந்ததை இறக்கி, கணினிக் கடைக்காரரை வரவழைத்து, எரிந்துபோன ஒரு பாகத்தை மாற்றச் சொன்னார். கணினி உயிர்பெற்றுவிட்டது. மெக்கானிக்கின் விடுமுறை நாளன்று இரண்டு நாற்காலிகளைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டார்.

"சின்னச் சின்ன எழுத்தா இருக்கும். கண்ணு வலிக்கும் உனக்கு."

"முப்பது வருஷம் மைக்ராஸ்கோப்புல வெச்ச கண்ணு இது. உக்காருங்க."

கதவு திறந்தது. பட்டியல் வந்தது. மனைவி கன்னத்தில் கைவைத்து நிதானமாகப் படித்தார். அம்புக்குறி விமானியைத் தாண்டி ரோபோவின் மேல் வந்து நின்றது.

"ரோபோ வேண்டாம், வெடிச்சிடும்" என்றார் மெக்கானிக்.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. அம்புக்குறியை மெதுவாகக் கீழே நகர்த்தினார். டாக்டரைத் தாண்டினார். கடைசி வரியில் அழுத்தினார்.

அந்த வரியில் இருந்தது கேப்டன் பெயர். மெக்கானிக் அன்றே அதைப் பார்த்திருக்கிறார். லிஃப்ட் பராமரிப்புத் தாளில் கடைசி வரி எப்போதும் மெக்கானிக் கையெழுத்துப் போடும் இடம். இதுவும் அப்படித்தான் என்று நினைத்து விட்டுவிட்டார். அதையும் தேர்ந்தெடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

கேப்டன் உள்ளே போனார். என்ஜின் ஓடியது. துறைமுகத்தில் ஐந்து பேரும் இறங்கினார்கள். டாக்டர் முழங்கால் வலிக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே கடைசியாக இறங்கினார்.

"உங்களை அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்" என்றார் மனைவி. பிறகு, "எத்தனை தடவை பாத்தீங்க?"

"மூணு."

"எப்போ?"

"அந்த வியாழக்கிழமை. நீ வேலைக்குப் போயிருந்தப்போ."

திரையில் விளையாட்டை உருவாக்கியவர்களின் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அப்போ டாக்டரை உள்ள விட்டீங்களா?"

"விட்டேன்."

"என்ன சொன்னாரு?"

இத்தனை வருடமும் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த வார்த்தைகள் அவை. "'எல்லாரும் கிளம்புங்க, நின்னு வேடிக்கை பாக்காதீங்க. எனக்குக் கொஞ்சம் அமைதி வேணும்'னு சொன்னாரு."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணையும் துடைத்துக்கொண்டார். "அவரு அப்படித்தான் சொல்லுவாரு" என்றார். பிறகு குரல் மாறியது. "அதைக் கேக்க என்னையும் கூப்பிட்டிருக்கலாம் நீங்க."

"தப்புதான்."

"தப்புதான்." மனைவி நாற்காலியை மேஜையோடு இழுத்துப் போட்டுக்கொண்டு புதிய ஆட்டத்தைத் தொடங்கினார். "முதல்லேருந்து போகலாம். நான் பக்கத்துல இல்லாதப்போ இதைத் தொட்டீங்கன்னா பாத்துக்கோங்க."