காலியாக விட்ட கட்டம்

ஒரு பெண் என்னை நம்பிச் சொன்னதை, அவளுக்கு வேலை கொடுக்க இருந்தவனிடம் நானே போன் செய்து சொன்னேன். சொல்லக் கூடாது என்று தெரிந்துதான் சொன்னேன். தெரியாமல் செய்த பிழை என்றால் இத்தனை வருடம் கழித்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

செம்பூரில் ஒரு கம்பெனியில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பிரிவின் தலைவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்றவனுக்கு மாட்டுங்காவில் வேலைக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சங்கத்து அறையில் ஒரு மேஜை போட்டு, வேலை தேடும் தமிழ்ப் பிள்ளைகளின் விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுப்பேன். இலவசம். அறிவுரையும் இலவசம், அதுவும் கேட்காமலேயே.

அவள் தாராவியிலிருந்து வந்தாள். வீட்டுக்குக் கீழே இருந்த தோல் பட்டறையில் பைகளுக்கு ஜிப் வைத்துத் தைத்துக்கொண்டே பி.காம். முடித்தவள். என் பழைய கம்பெனியில் கணக்குப் பிரிவுக்கு இரண்டு சுற்று நேர்காணல் முடிந்திருந்தது. அந்தக் குடும்பத்திலிருந்து முதன்முதலாக ஒருத்தி மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கப்போகிறாள். ஒரு படிவம் மட்டும் பாக்கி. அதில் ஒரு கட்டத்தில் விரலை வைத்தாள்: நோய் அல்லது உடற்குறை ஏதேனும் உண்டா?

"சின்ன வயசுல இருந்து ஃபிட்ஸ் உண்டு சார். மாத்திரை போடுதேன். ஆறு வருசமா ஒண்ணும் கிடையாது. வேலை பாக்கலாம்னு டாக்டரே எழுதிக் குடுத்துருக்காரு. இதுல போடணுமா, வேண்டாமா?"

"கணக்கு எழுதறதுக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்? காலியா விடு. சேர்ந்தப்புறம் உனக்கா தோணினா பக்கத்து சீட்டுல சொல்லி வை."

"நீங்க யார்ட்டயும்..."

"நான் எதுக்கும்மா சொல்லப்போறேன்?"

அறிவுரையில் குற்றம் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். மறுநாள் போனை எடுத்ததுதான் குற்றம்.

எங்கள் பக்கத்தில் சிபாரிசுக்கு ஒரு இலக்கணம் உண்டு. நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு சின்னக் குறையும் சேர்க்க வேண்டும். "கெட்டிக்காரன், கொஞ்சம் முன்கோபி." "தங்கமான பெண், என்ன, அவ்வளவு தூரம் விராரிலிருந்து வரணும்." குறை சொல்லாத சிபாரிசை யாரும் மதிப்பதில்லை, குறை சொன்னவரின் நேர்மையோ ஊரெல்லாம் மணக்கும். நாளைக்கு ஏதாவது ஆனாலும் அவர் தலை உருளாது.

என் நாற்காலியில் அப்போது உட்கார்ந்திருந்தவன் என்னிடம் வேலை பழகியவன். "உங்க வார்த்தை போதும் சார்" என்றான். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இப்படிப்பட்ட வார்த்தைக்கு ஒரு குறை சேர்க்காமல் விடலாமா? யோசித்தேன். அந்தப் பெண்ணிடம் வேறு குறையே அகப்படவில்லை.

"நமக்குள்ள இருக்கட்டும்பா" என்று தொடங்கினேன்.

இதில் ஒன்றை விட்டுவிட்டேன். அந்த போனை நான் வலது காதில் வைத்திருந்தேன். என் இடது காது ஓய்வு பெறுவதற்கு இருபது வருடம் முன்பே செத்துவிட்டது. ஆபீசில் ஒருவரிடமும் சொல்லவில்லை. மீட்டிங் மேஜையில் எல்லோரும் என் வலப்பக்கம் அமையும்படி ஓர் ஓரத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வேலைக்கு வருகிறவர்களிடம் ஒளிவுமறைவு இல்லாத நேர்மையைப் பற்றிப் பேசிவந்தேன். நன்றாகவே பேசுவேன்.

வேலை கிடைக்கவில்லை என்று அவள் வந்து சொன்னபோது, "இப்ப மார்க்கெட்டே சரியில்லம்மா" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். பிறகு சங்கத்துப் பக்கம் வரவில்லை.

நாலு வருடம் கழித்து சயான் பஸ் ஸ்டாப்பில் ஒருத்தி எனக்கு முன்னால் வந்து நின்றாள். அவள்தான்.

"மூணு தடவை கூப்புட்டாச்சு சார். காது கேக்காத மாதிரியே நிக்கீங்க."

"அந்தப் பக்கம் கேக்காதும்மா. ரொம்ப வருஷமா."

எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. என் மனைவிக்கும் டாக்டருக்கும் அடுத்து அதைக் கேட்டவள் அவள்தான்.

"ஆபீஸ்ல இருக்கும்போதே?"

"ஆமாம்."

"சொன்னீங்களா?"

"இல்லை."

"நல்லாருக்கு சார்" என்றாள். சாலையைப் பார்த்தபடி, மீதியையும் சொன்னாள். செம்பூரில் என் நாற்காலியில் இருந்தவன் அவளைக் கூப்பிட்டு, ஃபிட்ஸ் விஷயத்தை ஏன் மறைத்தாய், பொய் சொல்கிறவளை எப்படிக் கணக்கில் உட்கார வைப்பது என்று கேட்டிருக்கிறான். "நீங்கதான் காலியா விடச் சொன்னீங்கன்னு சொல்லிருக்கலாம். உங்க பேரு கெட்டுரும்னு விட்டுட்டேன். வெளிய வந்தப்புறம்தான், உங்களத் தவிர யாருக்கும் தெரியாதேன்னு உறைச்சுது."

என் பெயரைக் காப்பாற்ற நான் செய்தது அது. அதே பெயரைக் காப்பாற்ற அவள் செய்தது இது. மன்னிப்புக் கேட்டேன்.

"என்ட்ட கேட்டு என்ன செய்ய? நான் பொய்க்காரி இல்லன்னு அங்க சொல்லுங்க."

அந்த வாரமே சொன்னேன். காலியாக விடச் சொன்னது நான்தான் என்று கையெழுத்துப் போட்டு எழுதிக்கொண்டு, செம்பூருக்கு நேரில் போனேன். அவன் படித்துவிட்டு, "உங்களுக்குப் பெரிய மனசு சார்" என்று டீ வரவழைத்தான். போன காரியம் போதாது என்று பட்டது. என் காது விஷயத்தையும் சொன்னேன். பெரிய தியாகம் செய்கிற நினைப்பு.

அவன் சிரித்தான். "அது எங்க எல்லாருக்கும் தெரியுமே சார். புதுசா யார் சேர்ந்தாலும் முதல் நாளே சொல்லிடுவோம், சார்கிட்ட வலப்பக்கமா போய்ப் பேசுங்கன்னு. அந்த ஓரத்து சேர்ல வேற யாரும் உக்காராம நான்தான் பார்த்துப்பேன்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. "அப்போ அந்தப் பெண்ணுக்கும் அப்படி ஏதாவது பண்ணியிருக்கலாமே?" என்றேன்.

"அது வேற சார்."

எப்படி வேறு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததே நான்தான். கடிதத்தை ஃபைலில் வைப்பதாகச் சொன்னான். வைத்திருப்பான். அங்கிருந்து அவளுக்கு எந்த அழைப்பும் வரவில்லை.

நடந்ததையெல்லாம் அவளுக்கு போனில் சொன்னேன். வடாலாவில் ஒரு சின்ன ஆபீசில் இருக்கிறாளாம். அந்தக் கட்டத்தை நிரப்பியே சேர்ந்தாளாம். அதற்கு முன் மூன்று இடங்களில் நிரப்பி, மூன்றிலும் கிடைக்கவில்லையாம். குறையாகச் சொல்லவில்லை, நான் கேட்டதற்குப் பதிலாகச் சொன்னாள்.

"அப்ப இருவது வருசமும் உங்களுக்குச் சேர் பிடிச்சு வச்சிருக்காங்க."

"ஆமாம்மா."

"எனக்கு ஒரு சேர் போட முடியல."

"ஆமாம்."

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. காதில் ஏதோ கோளாறு என்று நினைத்து போனை அழுத்திப் பிடித்தேன்.

"லைன்லதான் இருக்கேன் சார்" என்றாள். "பஸ் வந்துட்டு. வச்சிருதேன்."